மீட்டரை அளந்த மேதை பியேர் மெஷேன்



நம் வகுப்பறைகளில் நாள்தோறும் கையாளப்படும் பொருள்களுள் அடிக்கோலும் ஒன்று. அக்கோலில் சென்டிமீட்டர்க் கோடுகள் இருந்தாலும், அதனை நாம் இன்றும் அடிக்கோல் என்றே அழைக்கின்றோம். அடிக்கணக்கு போய்விட்டது, பெயர் மட்டும் நம் நாவில் தங்கிவிட்டது.

இந்நாட்டில் ஒரு காலத்தில் எத்தனை வகை அளவைகள் வழங்கின என்பதை நம் மாணவர்களின் தாத்தா பாட்டியர் நன்கு அறிவர். அரிசியைக் கந்தாங்கால் அளந்தனர். மீனையும் காய்கறியையும் காட்டிக் கணக்கில் நிறுத்தனர். 16 தாயில் கொண்டது ஒரு காட்டி. 100 காட்டி கொண்டது ஒரு பிக்குள். துணியைக் கஜத்தாலும், நிலத்தை ஏக்கராலும், சாலையை மைலாலும் அளந்தனர். பூச்சரத்தை முழத்தால் அளப்பதோ இன்றும் நம்மிடையே உள்ள வழக்கம். 1972ஆம் ஆண்டில் எடை, அளவைகள் பற்றிய சட்டம் இயற்றப்பட்ட பிறகு, மெட்ரிக் முறை படிப்படியாக நம் நாட்டில் நிலைபெற்றது. ஒரு காட்டி ஏறத்தாழ 605 கிராம் என்றும், ஒரு பிக்குள் ஏறத்தாழ 60 கிலோகிராம் என்றும் நம் மக்கள் மனத்தில் கணக்கிட்டுப் பழகினர்.

கிலோகிராமும் லிட்டரும் மீட்டர் என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஒவ்வொரு பக்கமும் மீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளமுள்ள கனச்சதுரப் பெட்டி கொள்ளும் அளவே ஒரு லிட்டர். அவ்வளவு நீரின் எடையே ஒரு கிலோகிராம் என முதலில் வகுத்தனர். அவ்வாறாயின் அந்த மீட்டர் எங்கிருந்து வந்தது? அதனை அளந்து தந்தவர் யார்? அப்பணியைச் செய்தவர் இருவர். அவ்விருவருள் ஒருவராகிய பியேர் மெஷேன் என்னும் பிரெஞ்சு வானியல் அறிஞரின் வாழ்க்கையை ஈண்டுக் காண்போம். அவர்தம் வெற்றி பெரிது. அவர் உள்ளத்தில் சுமந்த துன்பமும் பெரிது. அவ்விரண்டும் நமக்குப் பாடமாகும்.

இளமையும் முயற்சியும்

பியேர் மெஷேன் 1744ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள், பிரான்சு நாட்டின் வடபகுதியிலுள்ள லான் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் வீடுகளின் மேற்கூரைக்கும் சுவருக்கும் சாந்து பூசும் தொழிலாளி. மெஷேன் கணக்கில் சிறந்து விளங்கினார். எனினும், பொருள் முடையால் அவரால் மேற்படிப்பை முடிக்க இயலவில்லை. பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

ஆயினும் அவர் வானத்தைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. அவருடைய திறமையைக் கண்ட லாலாந்து என்னும் புகழ்பெற்ற வானியலார், தம் நூலின் அச்சுப்படிகளைத் திருத்தும் பணியை அவருக்கு அளித்தார். பின்னர்க் கடற்படையின் வரைபட அலுவலகத்திலும் வேலை பெற்றுத் தந்தார். பகலில் கடற்கரைகளின் வரைபடங்களைக் கணக்கிட்டு வரைந்த மெஷேன், இரவில் தொலைநோக்கி வழியே விண்ணை ஆராய்ந்தார். 1781ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு வால்மீன்களைக் கண்டுபிடித்தார். மெசியே என்பார் தொகுத்த புகழ்மிக்க விண்பொருள் பட்டியலில் மெஷேன் கண்டறிந்து கூறியவை பல இடம்பெற்றுள்ளன. 1782ஆம் ஆண்டில் அவர் பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் உறுப்பினரானார். சாந்து பூசும் தொழிலாளியின் மகன், நாட்டின் தலைசிறந்த அறிஞர்களுடன் சரிசமமாக அமர்ந்தார்.

அவருடைய சிறப்பெல்லாம் துல்லியத்தில் இருந்தது. ஒரு கணக்கை ஒருமுறை போட்டு நிறைவடைபவர் அல்லர் அவர். மீண்டும் மீண்டும் சரிபார்ப்பார். அவருக்குப் புகழ் தந்த அந்தக் குணமே பிற்காலத்தில் அவரை வாட்டவும் செய்தது.

அளவைகளின் குழப்பம்

அக்காலப் பிரான்சில் அளவைகளுக்கு ஓர் ஒழுங்கு இல்லை. ஏறத்தாழ 800 பெயர்களில் அளவைகள் வழங்கின என்றும், ஒரே பெயர் ஊருக்கு ஊர் வேறுபட்டதால் அவற்றின் வகைகள் இரண்டரை இலட்சத்தை எட்டின என்றும் வரலாற்றாசிரியர் மதிப்பிடுகின்றனர். தானியம் அளக்கும் மரக்கால் ஓர் ஊரில் பெரிதாகவும் அடுத்த ஊரில் சிறிதாகவும் இருந்தது. மரக்காலைத் தலைதட்டி அளப்பதா, கோபுரமாகக் குவித்து அளப்பதா என்பதும் இடத்துக்கு இடம் மாறியது. குடியானவர்கள் நிலக்கிழார்க்குத் தானியமாகவே குத்தகை செலுத்தினர். ஆதலால், மரக்கால் சற்றே பெருத்தாலும் ஏழையின் வயிறு சுருங்கும். 1789ஆம் ஆண்டில் மக்கள் தங்கள் குறைகளை எழுதி அரசனிடம் அனுப்பியபோது, நாடெங்கும் ஒரே அளவை வேண்டும் என்னும் கோரிக்கை பல ஊர்களிலிருந்தும் எழுந்தது.

அவ்வாண்டில் புரட்சி வெடித்தது. புதிய அளவை எந்த அரசனுடைய பாதத்தையோ கையையோ சார்ந்திருத்தல் கூடாது. எல்லா மக்களுக்கும் உரிய பொருளைச் சார்ந்திருத்தல் வேண்டும் என அறிஞர்கள் எண்ணினர். எல்லார்க்கும் பொதுவானது இந்நிலவுலகமன்றோ? எனவே, வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவை ஒரு கோடிக் கூறுகளாக்கி, அவற்றுள் ஒரு கூற்றை மீட்டர் எனக் கொள்வதென 1791ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பட்டது.

நிலவுலகை அளக்கும் பணி

துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை எவரும் நடந்து அளத்தல் இயலாது. ஆகவே, வடக்கே டன்கர்க் என்னும் பிரெஞ்சுத் துறைமுகத்திலிருந்து தெற்கே ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரம் வரையிலான பகுதியை மட்டும் அளந்து, மீதியைக் கணக்கிட்டு அறிய முடிவு செய்தனர். இது 1,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவாகும். டன்கர்க்கிலிருந்து ரொடேஸ் என்னும் ஊர் வரையிலான வடபகுதி டெலாம்பர் என்னும் அறிஞருக்கும், ரொடேசிலிருந்து பார்சிலோனா வரையிலான தென்பகுதி மெஷேனுக்கும் ஒப்படைக்கப்பட்டன. மெஷேனின் பகுதி நீளத்தில் குறைந்தது. ஆனால், அதில் உயர்ந்த பிரனீஸ் மலைத்தொடர் குறுக்கிட்டது. ஸ்பெயின் நாட்டுப் பகுதியோ அதற்குமுன் இவ்வாறு அளக்கப்படாதது.

அளந்த முறையை மாணவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்க நீளமும் கோணங்களும் தெரிந்தால், மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். மலையுச்சிகளையும் தேவாலயக் கோபுரங்களையும் முனைகளாகக் கொண்டு, ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் நூற்றுக்கு மேற்பட்ட முக்கோணங்களைச் சங்கிலிபோல் அமைத்தனர். ஒவ்வொரு முனையிலும் நின்று கோணங்களை அளந்தனர். தரையில் நேரடியாக அளந்தவை இரண்டு கோடுகள் மட்டுமே. பாரிசுக்கு அருகில் அளக்கப்பட்ட கோடு 12 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவானது. மற்றொன்று தெற்கே பெர்ப்பிஞான் நகருக்கு அருகில் அளக்கப்பட்டது. இவற்றோடு, இரு கோடிகளும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எத்தனை பாகையில் உள்ளன என்பதையும் விண்மீன்களின் உயரத்தைக் கொண்டு கண்டறிய வேண்டும். இதுவே அட்சரேகை எனப்படும். இது பிழைபட்டால் முழுக் கணக்கும் பிழைபட்டுவிடும்.

1792ஆம் ஆண்டு ஜூன் திங்களில், தமது 47ஆம் வயதில், மனைவியையும் மூன்று மக்களையும் பாரிசில் விட்டு மெஷேன் புறப்பட்டார். சில திங்களில் திரும்பிவிடலாம் என்பது அவர் எண்ணம். பணி முற்றுப்பெற ஏழு ஆண்டுகள் ஆயின.

புறப்பட்ட சில நாள்களிலேயே இடர் தொடங்கிற்று. பாரிசை அடுத்த ஓர் ஊரில், அவருடைய கருவிகளைக் கண்ட மக்கள் அவை பகைவரின் போர்க் கருவிகளோ என ஐயுற்று அவரைத் தடுத்து நிறுத்தினர். ஒருவாறு விடுபட்ட அவர், ஸ்பெயினை அடைந்து மலை மலையாக ஏறிக் கோணங்களை அளந்தார். அவ்வாண்டின் குளிர்காலத்தில், பார்சிலோனா நகருக்கு அருகிலுள்ள மொன்ஜூயிக் குன்றின் கோட்டையில் தங்கி, இரவெல்லாம் விண்மீன்களை நோக்கி அவ்விடத்தின் அட்சரேகையைக் கணித்தார். அம்முடிவைப் பாரிசுக்கும் அனுப்பி வைத்தார்.

விபத்தும் போரும்

1793ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மன்னர் கொல்லப்பட்டார். சில வாரங்களில் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. அவ்வாண்டின் வசந்த காலத்தில், பார்சிலோனாவுக்கு அருகில் புதிதாக அமைக்கப்பட்ட நீரிறைக்கும் பொறி ஒன்றை மெஷேன் காணச் சென்றார். அப்பொறியின் கனத்த நெம்புகோல் அவரைத் தாக்கியது. விலா எலும்புகளும் தோள் எலும்பும் முறிந்தன. நினைவிழந்து கிடந்த அவர் பிழைப்பாரோ என அருகிலிருந்தோர் அஞ்சினர். உயிர் தப்பினாலும், அவருடைய வலக்கை நெடுநாள் வலுவிழந்திருந்தது. அந்நிலையிலும் அவர் மீண்டும் மலைகளில் ஏறித் தம் பணியைத் தொடர்ந்தார் என்பது நாம் மனங்கொள்ளத் தக்கதாகும்.

பகை நாட்டினர் ஆதலால், அவர் நாடு திரும்புவதற்கு இசைவு கிடைக்கவில்லை. கோட்டைக்குள் நுழையவும் அவருக்குத் தடை ஏற்பட்டது. பொழுதை வீணாக்க விரும்பாத மெஷேன், 1793ஆம் ஆண்டு முடியும் வேளையில், தாம் தங்கியிருந்த நகர விடுதியிலிருந்தே விண்மீன்களை அளக்கத் தொடங்கினார். முன்னர்க் கண்ட முடிவை உறுதிப்படுத்திக்கொள்வதே அவர் நோக்கம்.

மூன்று விகலை

விடுதிக்கும் கோட்டைக்கும் இடையிலுள்ள தொலைவை அவர் துல்லியமாக அறிவார். எனவே, ஓரிடத்தின் அட்சரேகையிலிருந்து மற்றதன் அட்சரேகையைக் கணக்கிட்டுவிடலாம். இரண்டும் பொருந்தியாக வேண்டும். ஆனால் பொருந்தவில்லை! மூன்று விகலைக்குச் சற்று மிகுதியான வேறுபாடு தோன்றியது. ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கே விகலை. நிலத்தில் அது ஏறத்தாழ 31 மீட்டர். மூன்று விகலை வேறுபாடு என்றால், தாம் நின்ற இடமே ஏறத்தாழ 100 மீட்டர் தள்ளிப் போய்விட்டதாகப் பொருள்.

நமக்கு இது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். துல்லியமே தம் உயிரெனக் கொண்ட மெஷேனுக்கோ அது இடியாக இருந்தது. கருவியில் குறையா? தம் கண்ணில் குறையா? கணக்கில் குறையா? மீண்டும் மீண்டும் சரிபார்த்தார், காரணம் புலப்படவில்லை. கோட்டைக்குச் சென்று மறுபடியும் அளக்கவும் வழியில்லை. முதல் முடிவு முன்னரே பாரிசை எட்டிவிட்டது. மெஷேன் அந்த வேறுபாட்டை எவரிடமும் கூறாமல் தம் உள்ளத்துக்குள்ளேயே புதைத்துக்கொண்டார்.

மறைத்த பிழை

1794ஆம் ஆண்டில் ஸ்பெயினை விட்டு வெளியேற இசைவு பெற்ற அவர், இத்தாலிக்குச் சென்றார். அவ்வாண்டு மே திங்களில்தான், புதிய அளவைப் பணியில் பங்காற்றிய வேதியியல் மேதை லவாசியே பாரிசில் தலை வெட்டப்பட்டு இறந்தார். மெஷேன் உறுப்பினராயிருந்த அறிவியற் கழகமும் அதற்கு முந்திய ஆண்டே கலைக்கப்பட்டிருந்தது. 1795ஆம் ஆண்டில் நாடு திரும்பிய மெஷேன், தெற்குப் பிரான்சின் மலைகளில் எஞ்சிய முக்கோணங்களை அளக்கத் தொடங்கினார். ஆனால், பணி மிக மெதுவாகவே நடந்தது. மூடுபனியும் மழையும் தடுத்தன. அவருடைய மனச்சோர்வு அவற்றினும் மிகுதியாகத் தடுத்தது. ஊர் திரும்பினால் தம் குறிப்பேடுகளைக் காட்ட வேண்டி வருமே என்னும் அச்சம் அவரை வருத்தியது. நண்பர்களுக்கு எழுதிய மடல்களிலெல்லாம் தம்மைத் தாமே இழித்துக்கொண்டார். காரணத்தை மட்டும் எழுதவில்லை. 1798ஆம் ஆண்டில் அவருடைய மனைவியார் பாரிசிலிருந்து நெடுந்தொலைவு பயணம் செய்து ரொடேசுக்கு வந்து, கணவருக்கு ஊக்கமூட்டிப் பணி முடிய உதவினார்.

அவ்வாண்டின் இறுதியில் பல நாட்டு அறிஞர்கள் பாரிசில் கூடினர். டெலாம்பர் தம் குறிப்பேடுகளை அப்படியே அவர்கள்முன் வைத்தார். மெஷேனோ காலங்கடத்தினார், பின்னர்த் தம் ஏடுகளைக் கொடாமல், சீர்ப்படுத்தி எழுதிய சுருக்கத்தையே அளித்தார். விடுதியில் கண்ட வேறுபாடு அதில் இடம்பெறவில்லை. அவருடைய எண்களின் அழகைக் கண்டு அறிஞர்கள் வியந்து பாராட்டினர். அப்பாராட்டு அவருடைய உள்ளத்தில் முள்ளாய்த் தைத்திருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம்.

1799ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 22ஆம் நாள், பிளாட்டினத்தால் ஆன மீட்டர்க் கோலும் கிலோகிராம் எடைக்கல்லும் பாரிசில் அரசின் ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டன. எல்லா நாட்டவர்க்கும், எல்லாக் காலத்துக்கும் உரிய அளவை பிறந்தது என அறிஞருலகம் மகிழ்ந்தது. மெஷேன் பாரிசு வானாய்வுக் கூடத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

இறுதிப் பயணம்

பதவியும் புகழும் அவருக்கு அமைதி தரவில்லை. அளவையைத் தெற்கே மத்தியதரைக் கடலிலுள்ள தீவுகள் வரை நீட்டினால், பார்சிலோனா நகரின் அட்சரேகையை நம்பியிருக்க வேண்டிய தேவையே இராது என அவர் எண்ணினார். பிழையை வெளியில் சொல்வதைவிட, மேலும் உழைத்து அதனை அழித்துவிடலாம் என நம்பினார் போலும். ஏறத்தாழ 60 வயதை எட்டிய நிலையில், 1803ஆம் ஆண்டில் மீண்டும் ஸ்பெயினுக்குப் புறப்பட்டார். வெயிலிலும் சதுப்பு நிலங்களிலும் உழைத்த அவரை, அப்பகுதியில் பரவிய கொடிய காய்ச்சல் பற்றிக்கொண்டது. 1804ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 20ஆம் நாள், காஸ்டெல்யோன் என்னும் ஊரில், அவர் உயிர் நீத்தார். அவர் விட்ட பணியை பியோ, அரகோ என்னும் இரு இளம் அறிஞர்கள் பின்னர்த் தொடர்ந்து முடித்தனர்.

உண்மை வெளிப்பட்டது

மெஷேனின் குறிப்பேடுகள் டெலாம்பரிடம் வந்து சேர்ந்தன. அவற்றைப் படித்த டெலாம்பர், சில எண்கள் அழித்து எழுதப்பட்டிருப்பதையும் சில விடப்பட்டிருப்பதையும் கண்டு திகைத்தார். ஆயினும், இறந்துபோன நண்பரை இகழ அவர் விரும்பவில்லை. அந்த ஏடுகளை எரித்துவிடவும் இல்லை. பிற்காலத்தார் உண்மையை அறியும் பொருட்டு, அவற்றைப் பாரிசு வானாய்வுக் கூடத்தில் பாதுகாப்பாக வைத்தார். அன்பும் நேர்மையும் ஒருங்கே அமைந்த செயலன்றோ இது!

1828ஆம் ஆண்டில் நிக்கொலே என்னும் அறிஞர் மெஷேனின் எண்களை மீண்டும் ஆராய்ந்தார். தலைக்கு நேர்மேலுள்ள புள்ளிக்கு வடக்கே செல்லும் விண்மீன்களையும் தெற்கே செல்லும் விண்மீன்களையும் தனித்தனியே கூட்டி, இரண்டையும் சமமாக எடைபோட்டுக் கணக்கிட்டால், அந்த மூன்று விகலை வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுவதை அவர் எடுத்துக் காட்டினார். குறை பெரும்பாலும் கருவியினுடையது. மெஷேனின் கண்ணும் கையும் பழுதற்றவை. பத்து ஆண்டுகளுக்கு மேலாக அவரை அரித்த குற்றம் அவருடையதே அன்று! அந்த வேறுபாட்டை அன்றே தோழர்களிடம் காட்டியிருந்தால், பலர் கூடி ஆராய்ந்து காரணத்தைக் கண்டிருக்கக் கூடும். அவரும் அமைதியாக வாழ்ந்திருப்பார்.

அவர்கள் வகுத்த மீட்டர், அவர்கள் எண்ணிய அளவைவிட ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் குறைவு என்பதும் பின்னர்த் தெரிந்தது. இதற்குப் பெருங்காரணம் நிலவுலகத்தின் வடிவமே. துருவங்களில் அது எவ்வளவு தட்டையானது என்பதைப் பற்றி அவர்கள் கொண்ட மதிப்பு சரியாக இல்லை. எனினும், உலகம் அந்த மீட்டரையே ஏற்றுக்கொண்டது. 1875ஆம் ஆண்டில் பல நாடுகள் கூடி மீட்டர் உடன்படிக்கை செய்தன. 1983ஆம் ஆண்டு முதல் மீட்டர் ஒளியின் வேகத்தைக் கொண்டு வரையறுக்கப்படுகின்றது. வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியில் 299,792,458 மீட்டர் செல்கின்றது. ஒரு நொடியின் 299,792,458இல் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லும் தொலைவே மீட்டர். வரையறை மாறினும், அந்நீளம் மெஷேனும் டெலாம்பரும் தந்த நீளமேயாகும்.

நாம் கற்க வேண்டியவை

அளவை என்பது முன்பின் அறியாத இருவருக்கு இடையே உள்ள நம்பிக்கையாகும். கொட்டிய பாலின் எடையும் அறுத்த செம்பனைக் குலையின் எடையும் சரியாகக் கணக்கில் ஏற வேண்டும் என்பதன் பொருளை நம் தோட்டத்துப் பெற்றோர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. உழைப்பவன் கூலி தராசின் முள்ளில் நிற்கின்றது. அந்த நம்பிக்கையை உலகுக்கு அளிப்பதற்காகவே மெஷேன் மலை ஏறினார், எலும்பு முறிந்தார், வேற்று மண்ணில் மாண்டார். அவ்வுழைப்பை நாம் போற்றுகின்றோம்.

மாணவச் செல்வங்களே! பிழை நேராத கை உலகில் இல்லை. கணக்கு ஏட்டில் விடை பொருந்தாதபோது, அதனை அழித்துவிட்டு அருகிலிருப்பவனின் விடையை எழுதாதீர்கள். பொருந்தாத விடையை ஆசிரியரிடம் கொண்டு வந்து காட்டுங்கள். பிழை எங்கே நுழைந்தது என்று தேடும்போதுதான் அறிவு வளர்கின்றது. மெஷேன் காலத்துக்குப் பின், அளவைகளில் நேரும் சிறு பிழைகளைக் கணக்கிட்டுக் கையாளும் முறையே கணிதத்தில் தனியொரு துறையாக வளர்ந்தது. 1805ஆம் ஆண்டில் லெஜான்டர் என்னும் கணித மேதை அதற்குரிய முக்கிய வழி ஒன்றை வெளியிட்டபோது, இந்த டன்கர்க், பார்சிலோனா அளவைகளையே எடுத்துக்காட்டாகக் கொண்டார்.

பெற்றோர்களுக்கும் ஒன்று கூற விழைகின்றோம். மெஷேனை வாட்டியது பிழையினும் மிகுதியாக, பிறர் என்ன சொல்வரோ என்னும் அச்சமே. குறைந்த மதிப்பெண்ணோடு வீடு வரும் பிள்ளை, அந்தத் தாளைப் பையின் அடியில் ஒளித்து வைக்காமல் உங்கள் கையில் தரும் துணிவைப் பெற வேண்டும். அத்துணிவு வீட்டிலே, உங்கள் முகத்தைப் பார்த்தே பிறக்கின்றது. பிள்ளைகள் பிழையைக் காட்டட்டும். நாம் அமர்ந்து, அவர்களோடு சேர்ந்து அதனைத் திருத்துவோமாக.